பொன் கிடைக்காத துளைகளின் காப்பகம்: மேற்கு ஆஸ்திரேலியாவின் வேமெக்ஸ் சேவை

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் கனிமம் தேடும் நிறுவனம் ஒவ்வொன்றும், தேடியதில் என்ன கிடைத்தது, எங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை ஆண்டுதோறும் அரசுக்கு அறிக்கையாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த அறிக்கைகளைச் சேமித்து வைத்து, இரகசியக் காலம் முடிந்ததும் எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் திறந்துவிடும் அரசுச் சேவையின் பெயர் வேமெக்ஸ். மாநிலப் புவியியல் ஆய்வுத் துறை நடத்தும் இந்தச் சேவையையும், அதனோடு சேர்ந்து இயங்கும் வரைபடத் தளம், துளையிட்டு எடுத்த பாறைத்தண்டுகளின் காப்பகம் ஆகியவற்றையும் தொழில் காரணமாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணங்களின் அளவிலும் திறந்த தன்மையிலும் இதற்கு நிகரான சேவைகள் உலகில் மிகக் குறைவு. ஆனால் இது எளிய சேவை அன்று. பாறையையும் பழைய நில அளவை முறைகளையும் ஓரளவு அறிந்தவருக்கே முழுப் பயன் தரும். மேலும், ஓர் இடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதை இவ்வளவு விரிவாகச் சொல்லும் இந்தக் காப்பகம், அந்த இடம் யாருக்கு உரியது, அவர்களுக்கு அது என்னவாக இருக்கிறது என்பதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. அந்தக் குறையைப் பின்னால் தனியாகப் பேச வேண்டும்.

இப்படி ஒரு சேவை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அந்நிலத்தின் தன்மையே காரணம். மாநிலத்தின் பரப்பு சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ ஏறத்தாழ 30 லட்சம்தான். அதன் தென்பாதியில் யில்கார்ன் என்னும் மிகப் பழமையான நிலத்தொகுதி கிடக்கிறது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான எரிமலைப் பாறைகள் அதில் நீண்ட பட்டைகளாகக் கிடக்கின்றன. கால்கூர்லியின் தங்கமும் கம்பால்டாவின் நிக்கலும் அந்தப் பட்டைகளில் இருந்து வந்தவையே. 1893 ஜூனில் பேடி ஹானன் என்ற ஐரிஷ்காரரும் அவருடைய கூட்டாளிகளும் கால்கூர்லியில் பொன்னைக் கண்டபோது அது நிலத்தின் மேலேயே கிடந்தது. அப்படிக் கண்ணில் படக்கூடியவை பெரும்பாலும் கண்டெடுக்கப்பட்டுவிட்டன. மிச்சமிருக்கும் பாறை, கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து களிமண்ணாகிப்போன அடுக்குக்குக் கீழே, அதற்கும் மேலே காற்றும் நீரும் கொண்டுவந்து கொட்டிய மணலுக்குக் கீழே மறைந்திருக்கிறது. நடந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நிலத்தில் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். துளையிடுவதோ பெரும் செலவு பிடிக்கும் காரியம். நம் ஊரில் கிணறு வெட்டப்போகிறவர், பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் பாறை தட்டியது என்று விசாரித்துவிட்டுத்தான் கடப்பாரையைக் கையில் எடுப்பார். அந்த விசாரிப்பை ஒரு மாநிலம் முழுவதற்கும் சட்டமாகவே ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

அடிப்படை விதி இதுதான். 1978-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி ஆய்வு உரிமம் பெற்றவர், ஆண்டுதோறும் குறைந்தபட்சம் இவ்வளவு தொகையைத் தேடலில் செலவிட வேண்டும்; செய்த வேலையை அறிக்கையாக ஒப்படைக்கவும் வேண்டும். உரிமத்தைக் கைவிட்டதும் அந்த அறிக்கைகள் பொதுவுக்கு வந்துவிடும். உரிமம் நடப்பில் இருந்தாலும்கூட, ஒப்படைத்து ஐந்து ஆண்டுகள் கடந்த அறிக்கைகளைத் துறை வெளியிடலாம். ஐந்து ஆண்டு விதி பற்றி நிறுவனங்களிடையே முணுமுணுப்பு உண்டு. என் பார்வையில் இந்தச் சேவையின் உயிர்நாடியே அதுதான். அது இல்லையென்றால், நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகவலையும் பூட்டி வைத்திருப்பது மிகச் சுலபமாகிவிடும்.

இந்த விதியால் என்ன விளைந்தது என்பதற்கு டிராப்பிகானா தங்கச் சுரங்கத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. கால்கூர்லியில் இருந்து கிழக்கு-வடகிழக்காகச் சுமார் 330 கிலோமீட்டர் தொலைவில், கிரேட் விக்டோரியா பாலைவனத்தின் ஓரத்தில் அது இருக்கிறது. தங்கம் இருக்கக்கூடிய நிலமென்று அந்தப் பகுதியை அதற்கு முன் எவரும் பெரிதாக மதிக்கவில்லை. யில்கார்னின் விளிம்பில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு உருமாறிப்போன பாறைகள் அங்கே இருந்ததால், தேடுபவர்கள் பழக்கமான பட்டைகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெஸ்டர்ன் மைனிங் என்ற பெரிய நிறுவனம் வட்டார அளவில் அகலமான இடைவெளியில் மண் மாதிரிகளை எடுத்துப் பார்த்திருந்தது. அவற்றில் ஒரே ஒரு மாதிரியில் தங்கம் நூறு கோடியில் 31 பங்கு என்ற அளவில் காட்டியது. அந்நிறுவனம் அதைத் தொடரவில்லை. எண் மட்டும் அறிக்கையில் ஏறி, அறிக்கை காப்பகத்துக்குப் போய், பொதுவுக்கு வந்துவிட்டது. இன்டிபென்டன்ஸ் குரூப் என்ற சிறிய நிறுவனம் அந்தத் திறந்த ஆவணத்தில் இருந்த அந்த ஒற்றை எண்ணை நம்பி 2001-இல் நிலத்துக்கு விண்ணப்பித்தது. பிறகு ஆங்கிலோகோல்டு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, மண் மாதிரிகளை நெருக்கமாக எடுத்து, துளையிட்டுப் பார்த்து, 2005-இல் தங்கப் படிவத்தைக் கண்டுபிடித்தார்கள். 2013 செப்டம்பரில் முதல் தங்கம் வார்க்கப்பட்டது. அந்த எண்ணை முதலில் எழுதிய வெஸ்டர்ன் மைனிங்கை, படிவம் கண்டுபிடிக்கப்பட்ட அதே 2005-இல், பிஎச்பி என்ற பெரும் சுரங்க நிறுவனம் வாங்கியிருந்தது.

நூறு கோடியில் 31 பங்கு என்றால் ஒரு டன் மண்ணில் 0.031 கிராம். சுரங்கம் வெட்டி எடுக்கக்கூடிய அளவுக்கு அருகில்கூட இல்லை. ஆனால் சுற்றிலும் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே காட்டும் பாலைநிலத்தில் 31 என்பது காரணம் கேட்க வேண்டிய எண். அந்தக் கேள்வியை முதலில் எழுப்ப வேண்டியவர் எழுப்பாமல் போனாலும், வேறொருவர் எழுப்புவதற்கு வாய்ப்பு இருந்தது. யில்கார்னை ஒத்த பழம்பாறைகள் ஆப்பிரிக்காவிலும் கனடாவிலும் இருக்கின்றன. நம் கோலாரின் பாறைப் பட்டையும் அந்த யுகத்தைச் சேர்ந்ததே. பாறை மட்டுமே ஒரு வட்டாரத்தைச் சுரங்க வட்டாரமாக ஆக்கிவிடுவதில்லை. ஒருவரின் தோல்வி அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும் ஏற்பாடும் வேண்டும். வேமெக்ஸை நான் உயர்வாக மதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இனிப் பயன்பாடு. உரிம எண், நிறுவனப் பெயர், கனிமம், ஆண்டு, வரைபடத் தாள் என எதை வைத்தும் தேடலாம். உரிம எண்ணின் முதல் பகுதி கனிம வயலைக் குறிக்கும். 26 என்றால் கால்கூர்லி அடங்கிய கிழக்குக் கூல்கார்டி வயல். இதைத் தெரிந்துகொண்டால் தேடல் சட்டென்று சுருங்கிவிடும். எண்களோடு பழக்கமில்லாதவர் ஜியோவியூ என்ற வரைபடத் தளத்தில் தொடங்குவது நல்லது. அதில் புவியியல் வரைபடம், காந்தப்புல வரைபடம், நடப்பு உரிமங்கள், கைவிடப்பட்ட உரிமங்கள், துளைகளின் இடங்கள் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கலாம். அண்மைக்கால நிறுவனங்கள் துளை விவரங்களை வகுத்துத் தரப்பட்ட அமைப்பில், எண்ணியல் கோப்பாகவே ஒப்படைக்க வேண்டும் என்பதால், அவற்றை நேராக நம் மென்பொருளுக்குள் இழுத்துக்கொள்ளலாம். இந்தப் பகுதியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பழைய அறிக்கைகள் வேறு உலகம். 1960-களையும் 1970-களையும் சேர்ந்தவை தட்டச்சுப் பக்கங்களாகவும் கையால் வரைந்த நில வரைபடங்களாகவும் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் துளைகளின் இடம் அந்தந்த நிறுவனம் தனக்கென்று வகுத்துக்கொண்ட சதுரக் கட்டத்தில் குறிக்கப்பட்டிருக்கும்; அந்தக் கட்டத்தின் தொடக்கப் புள்ளி எங்கே என்பதை ஒரு பழைய தண்டவாளத்தையோ வேலி மூலையையோ வைத்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நாட்டின் பொது ஆயத்தொலைவுக் கட்டத்தில் குறித்திருந்தாலும் சிக்கல் முடிவதில்லை. ஆயங்களை அளப்பதற்கு அடிப்படையாகக் கொள்ளும் பழைய ஆஸ்திரேலிய நில அளவைத் தளத்துக்கும் 1994-ஆம் ஆண்டுத் தளத்துக்கும் இடையே ஏறத்தாழ 200 மீட்டர் வேறுபாடு உண்டு. ஐம்பது மீட்டர் இடைவெளியில் துளையிடும் தொழிலில் 200 மீட்டர் என்பது படிவத்தையே தவறவிடப் போதுமான தொலைவு. 2020-இல் வந்த புதிய தளம் மேலும் 1.8 மீட்டர் நகர்ந்திருக்கிறது. அது தேடலுக்குப் பெரிய தொல்லை இல்லை. அறிக்கையின் ஆண்டைப் பார்க்காமல் ஆயங்களை அப்படியே வரைபடத்தில் இடுபவர், உண்மையில் ஒருபோதும் துளையிடப்படாத இடத்தைத் துளையிட்டுத் தோற்ற இடமாக எண்ணிவிட வாய்ப்பு மிகுதி.

‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று ஓர் அறிக்கை சொல்வதை எப்படி வாசிப்பது என்பதும் ஒரு கலை. தங்கம் தேடிய பழைய துளைகளில் பெரும் பகுதி ராப் என்ற மலிவான முறையில் இடப்பட்டவை. அதன் வெட்டுமுனை கடினப் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்காமல் நின்றுவிடும். ஆகவே நாற்பது மீட்டரில் முடிந்த துளை, நாற்பது மீட்டர் வரையிலான சிதைந்த பாறையைப் பற்றித்தான் சாட்சி சொல்கிறது. செலவைக் குறைக்க நான்கு நான்கு மீட்டர் மாதிரிகளைக் கலந்து ஒரே மாதிரியாகப் பகுப்பாய்வுக்கு அனுப்புவது வழக்கம். அதில் ஒரு மீட்டர் அகலமுள்ள நல்ல தங்க நரம்பு இருந்தாலும் அதன் அளவு கால்வாசியாக நீர்த்துப்போய்த்தான் பதிவாகும். எந்தத் தனிமத்துக்குப் பகுப்பாய்வு செய்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தென்மேற்கில் உள்ள கிரீன்புஷஸ் 1888 முதல் வெள்ளீயத்துக்காகத் தோண்டப்பட்ட ஊர். இன்று அது உலகின் மிகப் பெரிய கடினப்பாறை லித்தியச் சுரங்கங்களில் ஒன்று. வெள்ளீயமும் டான்டலமும் தேடியவர்கள் லித்தியத்தை அளக்காமலே அறிக்கையை முடித்திருக்கக்கூடும். ஆனால் பாறை விவரணைப் பத்தியில் ஸ்பாட்யுமீன் என்ற லித்தியக் கனிமத்தின் பெயரைப் போகிற போக்கில் எழுதி வைத்திருக்கலாம். எண் பட்டியலை மட்டும் தரவிறக்கிக்கொண்டு பக்கங்களை வாசிக்காமல் விடுபவருக்கு இது கண்ணில் படாது. இயந்திர வாசிப்பு இந்த வேலையை எளிதாக்கிவிடும் என்கிறார்கள். கையெழுத்துக் குறுக்கங்கள் நிறைந்த துளைப் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் அதை உடனே நம்பிவிட மாட்டார்கள்.

காகிதத்தில் சந்தேகம் வந்தால் பாறையையே போய்ப் பார்க்கலாம் என்பது இந்தச் சேவையின் இன்னொரு பெருமை. பெர்த் நகரில் கார்லைல் பகுதியிலும், கால்கூர்லியில் ஜோ லார்ட் பெயரிலும் பாறைத்தண்டுக் காப்பகங்கள் உள்ளன. வைரமுனைத் துளைக்கருவி நிலத்தடியில் இருந்து வெட்டி எடுத்த உருளைத் தண்டுகள் அங்கே தட்டுத்தட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. முன்பதிவு செய்துகொண்டு போனால் மேசைமேல் பரப்பித் தருவார்கள். அனுமதி பெற்று மாதிரியும் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் பகுப்பாய்வு முடிவைத் துறைக்கு ஒப்படைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஹைலாகர் என்ற நிறமாலைக் கருவியால் அலகிடப்பட்ட தண்டுகளின் கனிம விவரங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. தொலைவில் இருப்பவருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். தண்டை நனைத்து, உருப்பெருக்கியை வைத்துத் தானே பார்த்தால்தான் நம்புவேன் என்பவர்கள் கார்லைலுக்குப் போகத்தான் வேண்டும்.

2009-இல் தொடங்கிய தேடல் ஊக்கத் திட்டத்தையும் இதே குடும்பத்தில் சேர்க்க வேண்டும். யாரும் துணியாத இடத்தில் துளையிட முன்வரும் நிறுவனத்துக்கு, நேரடித் துளைச் செலவில் பாதியை ஓர் உச்ச வரம்புக்குள் அரசு திருப்பித் தருகிறது. கைம்மாறாக, எடுத்த தண்டைக் காப்பகத்துக்குத் தர வேண்டும். முடிவுகள் ஐந்து ஆண்டுகள் காத்திராமல் ஆறு மாதங்களிலேயே பொதுவுக்கு வந்துவிடும். ஃபிரேசர் மலைத்தொடர்ப் பகுதியில் சிரியஸ் நிறுவனம் 2012-இல் கண்டுபிடித்த நோவா நிக்கல் படிவத்தை இந்தத் திட்டத்தின் வெற்றியாக அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அது நியாயமான பெருமைதான். சிரியஸை 2015-இல் வாங்கியதும் டிராப்பிகானாவின் ஒற்றை எண்ணைத் துரத்திய அதே இன்டிபென்டன்ஸ் குரூப்தான். ஆனாலும் கண்டுபிடிப்பதோடு தொழில் நிலைத்துவிடுவதில்லை. இந்தோனேசிய நிக்கல் பெருகி விலை விழுந்ததும், கம்பால்டா காலத்தில் இருந்து வளர்ந்து வந்த நிக்கல் வெஸ்ட் செயல்பாட்டையே பிஎச்பி 2024 அக்டோபரில் நிறுத்திவைத்தது. எவ்வளவு நல்ல ஆவணக் காப்பகமும் உலகச் சந்தைக்கு முன் கைகட்டித்தான் நிற்க வேண்டும்.

இப்போது அந்தக் குறைக்கு வருகிறேன். பில்பாரா வட்டாரத்தில் பூட்டு குண்டி குர்ராமா, பினிகுரா என்ற பூர்வகுடி மக்களின் நாட்டில் ஜூக்கன் பள்ளத்தாக்கு இருக்கிறது. 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கியதற்குச் சான்றுகள் கிடைத்த அதன் பாறைக் குடைவுகளை, 2020 மே 24 அன்று ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாதுச் சுரங்க விரிவாக்கத்துக்காக வெடிவைத்துத் தகர்த்தது. அது சட்டத்தை மீறிய செயல் அன்று. 1972-ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி 2013-இலேயே அனுமதி பெறப்பட்டிருந்தது. அனுமதி கிடைத்த மறு ஆண்டில் நடந்த அகழாய்வில்தான், சுமார் 4,000 ஆண்டுப் பழமையான, மனிதத் தலைமுடியால் பின்னிய கச்சையின் துண்டு உட்பட ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. புதிய தகவல் வந்த பிறகும் பழைய அனுமதியை மறுபரிசீலனை செய்யச் சட்டத்தில் வழி இல்லாமல் போயிற்று. ரியோ டின்டோவின் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலக நேர்ந்தது. அதன் பிறகு மாநிலம் இயற்றிய புதிய மரபுரிமைச் சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, சில மாதங்களிலேயே எதிர்ப்பின் காரணமாக விலக்கிக்கொள்ளப்பட்டு, சில திருத்தங்களோடு 1972-ஆம் ஆண்டுச் சட்டமே திரும்பி வந்தது.

இதை ஓர் ஆவணச் சேவையின் மதிப்புரையில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஒரே நிலத்தைப் பற்றிய இரண்டு அறிவுகள் அங்கே இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன என்பதே காரணம். தாதுவின் தடிமனும் தரமும் ஓரிடத்தில், நுண்ணிய விவரங்களோடு, எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. மரபுரிமை இடங்களின் பதிவேடு வேறொரு துறையிடம், வேறொரு தளத்தில் இருக்கிறது. அதில் ஓர் இடம் பதிவாகவில்லை என்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்று பொருளாகாது. எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொட்டிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. புனித இடங்கள் எங்கே இருக்கின்றன என்பதை வெளியே சொல்லாமல் காப்பது அம்மக்களின் உரிமை. துளைகளுக்குப் பொருந்தும் திறந்த கொள்கை அவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு பகுதியின் அறிக்கைகளைத் திறக்கும்போதே, அந்நிலத்தின் பூர்வகுடி உரிமை அமைப்பு எது, யாரைப் போய்ச் சந்தித்துப் பேச வேண்டும் என்பதை முதற்பக்கத்திலேயே காட்டுவதற்கு எந்த இரகசியமும் தடையில்லை. அந்த ஒரு வரி அங்கே இருக்குமானால், வீட்டில் உட்கார்ந்து நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமுள்ள என்னைப் போன்றவர்களுக்கு, இது ஆளில்லா நிலம் என்ற நினைப்பு எளிதில் வராது.

பணம் கொடுத்துப் பெறக்கூடிய தனியார் தரவுச் சேவைகளும் சந்தையில் உள்ளன. இதே திறந்த அறிக்கைகளைச் சலித்து, ஆயங்களைத் திருத்தி, அழகான இடைமுகத்தில் தருவது அவற்றின் வேலை. பத்து உரிமங்களை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய நிறுவனத்துக்கு அது நேர மிச்சம். தனியொருவருக்கும் மாணவருக்கும் தேவையில்லை என்பது என் கருத்து; சலிக்கும் வேலையில்தான் கற்றலே இருக்கிறது. இது திறந்த சேவை என்பதால், தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் புவியியல் படிக்கும் மாணவர், ஆஸ்திரேலியாவில் கால் வைக்காமலே, உண்மையான துளைப் பதிவுகளைக் கொண்டு குறுக்குவெட்டு வரைந்து பழக முடியும். நம் நாட்டிலும் தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பயில்வது பயனுள்ள பயிற்சி.

புதிதாக நுழைபவர் தங்கத்தில் தொடங்காமல் கம்பால்டாவின் நிக்கலில் தொடங்கலாம். 1966 ஜனவரியில் வெஸ்டர்ன் மைனிங்கின் முதல் துளை அங்கே தாதுவைத் தொட்டதில் இருந்து நாட்டின் நிக்கல் அலை எழுந்தது. 1969-70-இல் பொசைடன் என்ற நிறுவனத்தின் பங்கு ஒரு டாலருக்கும் கீழே இருந்து 280 டாலர் வரை ஏறிச் சரிந்ததும் அந்த அலையில்தான். ஆகவே அக்காலத்து அறிக்கைகளில் நிதானமானவை, அவசரத்தில் எழுதப்பட்டவை, நம்பிக்கை மிகுந்து வழிபவை என எல்லா வகையும் உண்டு. கனிம வளத்தை எப்படிக் கணக்கிட்டு அறிவிக்க வேண்டும் என்ற ஜோர்க் நெறிமுறை முதன்முதலில் 1989-இல்தான் வெளியானது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் ‘இருப்பு’ என்று தரப்பட்டிருக்கும் டன் கணக்கை எடுத்துக்கொள்ளும் முன், அதன் அடியில் எத்தனை துளைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.